வெட்டுங்கருவி செல்லும் வழி

துளையிட்ட நாடாவிற் பதித்த எண்களால் உலோகந் துருவும் இயந்திரத்தை இயக்கும் முறை, 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே செய்துகாட்டப்பட்டது. இன்று அவ்வெண்களைக் கணினியே கணித்தளிக்கின்றது. எனினும், கருவி எவ்வழியே செல்லல் வேண்டும் என்று தேர்ந்து துணிதல் மனிதன் கடனாகவே உள்ளது.

குறுகிய வழியே சிறந்த வழி என மாணவர் கருதுதல் இயல்பு. அஃது எப்பொழுதும் பொருந்தாது. தன் விட்டத்திற் பாதியளவு அகலத்தை வெட்டிக்கொண்டு நேரே செல்லுங் கருவி, தன் சுற்றில் 90 பாகையளவே உலோகத்தைத் தொடும். செங்கோணமான உள்மூலையை அடைந்ததும் அத்தொடுகை 180 பாகையாகப் பெருகும். சுமை திடீரென மிகுதலாற் கருவி அதிரும், சிலவேளை முறியும். அதற்கு அஞ்சி வழி முழுவதும் வேகத்தைக் குறைப்பின் காலம் வீணாகும்.

ஆதலின், மூலைகளிற் சிறு வளைவுகளாகச் சுழன்று, சிறிது சிறிதாக வெட்டும் வழியை வகுப்பர். வழி நீளும், ஆயினும், சுமை சீராக நிற்றலின் வேகத்தைக் கூட்டலாம், கருவியும் நெடுநாள் உழைக்கும். வெட்டாது வெறுவெளியிற் செல்லுந் தூரத்தையும் இயன்றவரை குறைத்தல் நன்று.

எனவே, வழியின் நீளத்தை அளக்குமுன், அவ்வழியிற் கருவி தாங்குஞ் சுமையை அறிந்துகொள்க.