டயட்டீஷியன் படிப்பு: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சந்தா வசூல் முடிந்து உள்கடன் பேச்சு வந்தது. ஒரு சகோதரி, "எம்பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா. டயட்டீஷியனுக்குப் படிக்கணும்ங்கிறா. இருபத்தஞ்சாயிரம் வேணும், நாளைக்கே கட்டணுமாம்" என்றார். குழுவில் எல்லாருக்கும் சந்தோஷம். கையெழுத்துப் போடத் தயார். நாங்கள் அந்த நோட்டீஸை வாங்கிப் பார்த்தோம். 'வீட்டிலிருந்தே ஓராண்டில் டயட்டீஷியன் ஆகலாம்' என்று போட்டிருந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்று எங்கேயும் இல்லை. தீர்மானத்தை ஒரு வாரம் தள்ளி வையுங்கள் என்று சொன்னோம். அந்தச் சகோதரிக்கு எங்கள் மேல் கோபம்தான். அந்த ஒரு வாரத்தில் விசாரித்ததைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

முதலில், டயட்டீஷியன் என்ன செய்கிறார்? "சமையல் படிப்புதானே, அதை நாமளே சொல்லிக் குடுக்கலாமே" என்று சிரிக்கிற சகோதரிகள் உண்டு. இளநீர் உடம்புக்கு நல்லது என்று நாம் எல்லாருமே சொல்லுவோம். ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கு அது ஆபத்தாகலாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். அதை வெளியேற்ற அந்தச் சிறுநீரகத்தால் முடியாது. இந்தக் கணக்கு தெரிந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் அளவு போட்டு உணவு எழுதித் தருகிறவர்தான் டயட்டீஷியன். அதனால் படிப்பில் சமையலறையை விட உயிர்வேதியியலும் உடலியங்கியலும் நுண்ணுயிரியலும்தான் அதிகம். வேதியியல் என்றாலே பயப்படுகிற பெண்ணுக்கு முதல் வருஷமே கஷ்டமாயிருக்கும். இதைப் பெண்ணிடம் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். பிளஸ் டூவில் என்ன குரூப் எடுத்திருக்க வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் மனையியல் படித்தவர்களையும் சேர்க்கிறார்கள். விண்ணப்பம் வாங்கும் முன்பே கேளுங்கள்.

அடுத்தது பட்டத்தின் பெயர். இதில் நாங்களே ஒரு தப்புப் பண்ணியிருக்கிறோம். சில வருஷம் முன்பு ஒரு பெண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க ஆசைப்பட்டாள். 'எல்லாம் உணவுப் படிப்புதான்' என்று சொல்லி உணவுத் தொழில்நுட்பத்தில் சேரச் சொல்லிவிட்டோம். இப்போது ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். நல்ல வேலைதான், ஆனால் அவள் கேட்டது அது இல்லை. உணவுத் தொழில்நுட்பம் படித்தால் பெரும்பாலும் தொழிற்சாலைப் பக்கம் போவார்கள். மனையியலில் குழந்தை வளர்ப்பு, துணி, குடும்ப நிர்வாகம், ஊட்டச்சத்து எல்லாம் கலந்து வரும். ஆஸ்பத்திரி வேலைக்கு நேராகப் போகிறது 'நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ்' என்ற பட்டம். 'சர்டிபிகேட்டில் என்ன பெயர் அச்சாகும்?' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தபால் வழிப் படிப்பு, ஆன்லைன் படிப்பு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்காக மத்திய அரசு 2021-இல் ஒரு ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. டயட்டீஷியன் தொழிலும் அதில் வருகிறது. அதையொட்டி, 2025 ஜூலை-ஆகஸ்ட் கல்வியாண்டிலிருந்து உணவு, ஊட்டச்சத்துப் பட்டப் படிப்புகளுக்குத் தொலைதூர வழியிலோ ஆன்லைனிலோ ஆள் சேர்க்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. ஆகவே 'வீட்டிலிருந்தே பட்டம்' என்று யார் வந்தாலும் காசை எடுக்காதீர்கள். குறுகிய காலச் சான்றிதழ் வகுப்பு வேறு விஷயம். தெரிந்துகொள்ள உதவும். அதை வைத்து டயட்டீஷியன் ஆக முடியாது.

கல்லூரிக்கு நேரில் போனால் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிப் பயிற்சி எத்தனை வாரம், எந்த ஆஸ்பத்திரியில் என்று கேளுங்கள். 'அதெல்லாம் ஏற்பாடு பண்ணுவோம்' என்று பதில் வந்தால் யோசிக்க வேண்டியதுதான். போன வருஷம் படித்து முடித்த பெண் ஒருத்தியின் போன் நம்பர் கிடைத்தால் பத்து நோட்டீஸுக்குச் சமம்.

இளங்கலை மூன்று வருஷம், சில இடங்களில் நான்கு. அதோடு நிற்காது என்பதையும் இப்போதே மனசில் வைக்க வேண்டும். இந்திய உணவியல் சங்கத்தின் 'பதிவு பெற்ற டயட்டீஷியன்' தேர்வு எழுத, மேற்படிப்பும் ஆஸ்பத்திரிப் பயிற்சியும் வேண்டும். ஆக, செலவுக் கணக்கை ஐந்தாறு வருஷத்துக்குப் போடுங்கள். ஹாஸ்டல், பஸ் எல்லாம் சேர்த்து.

கோயம்புத்தூரில் 1957-இல் பெண்களுக்கான மனையியல் கல்லூரியாகத் தொடங்கிய அவினாசிலிங்கம், 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இந்தத் துறையில் பழைய இடம். மதுரையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று இருக்கிறது. அதற்கு வேளாண்மைக் கலந்தாய்வு வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது. சேரும்போது கல்லூரியில் இதையும் விசாரியுங்கள். வங்கிக் கல்விக் கடன் நாலு லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கிடைக்கும். குழுப் பணத்தை மொத்தமாகக் கரைக்கும் முன்பு அந்தக் கதவையும் தட்டிப் பார்க்கலாம்.

அடுத்த வாரம் அந்தக் குழு மறுபடி கூடியது. விண்ணப்பத்துக்கும் கல்லூரி பார்த்து வர பஸ்ஸுக்கும் மூவாயிரம் உடனே. மீதி, சேர்க்கைக் கடிதத்தைக் கூட்டத்தில் காட்டிய பிறகு. இப்படித் தீர்மானம் எழுதினார்கள். கல்லூரி பார்க்கத் தாயும் மகளும் போக, கூடவே ஊக்குநரும் போய் வந்தார். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டது அந்தச் சகோதரிதானாம்.