பல்லாவரத்துக் கல்

நுழையும்முன்

வாயிற்படி, அம்மி, ஆட்டுக்கல், கோயில் தூண், சாலைச் சல்லி எனத் தமிழர் வாழ்வில் நாள்தோறும் புழங்கும் கல்லுக்குக் ‘கருங்கல்’ என்ற ஒரே பெயர் வழங்கிவருகிறது. அந்த ஒரு பெயருக்குள் பலவகைப் பாறைகள் அடங்கியுள்ளன. அவற்றுள் ஒன்று, சென்னையை அடுத்த குன்றுகளிலிருந்து புறப்பட்டு உலக நிலவியல் நூல்களில் இடம்பெற்றது. அக்கல்லின் வழியே பாறை, கனிமம், நிலவளம் ஆகியவற்றை அறிமுகப்படுத்துகிறது இப்பாடம்.

கல்லின் ஒலி

சிலை வடிக்கும் சிற்பி கல்லைக் கண்ணால் மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. உளியால் தட்டி, எழும் ஒலியைக் கேட்கிறார். மணியோசை போல் தெளிவாக ஒலிக்கும் கல்லையும் சற்று மென்மையாக ஒலிக்கும் கல்லையும் ஆண் கல், பெண் கல் என வகைப்படுத்துவது சிற்ப மரபு. ஒலி எழாத கல்லைச் சிலைக்குக் கொள்வதில்லை. இதற்கு அறிவியல் அடிப்படையும் உண்டு. படிகங்கள் இடைவெளியின்றிப் பின்னிக் கிடக்கும் கல்லில் அதிர்வு தடையின்றிப் பரவுகிறது. விரிசலோ சிதைவோ இருந்தால் அதிர்வு அங்கேயே மடிந்துவிடுகிறது.

இவ்வாறு பின்னிக் கிடக்கும் படிகங்களே கனிமங்கள். இயற்கையாகத் தோன்றி, வரையறுத்த வேதியியல் இயைபும் ஒழுங்கான அணு அடுக்கும் கொண்ட திடப்பொருள் கனிமம் எனப்படும். கனிமங்களின் திரளே பாறை. இதுவரை 5000க்கும் மேற்பட்ட கனிமங்கள் அறியப்பட்டுள்ளன. எனினும் புவியோட்டின் பெரும்பகுதி சில கனிமங்களாலேயே ஆனது. ஓட்டின் எடையில் ஏறத்தாழ 46 விழுக்காடு ஆக்சிஜன், 28 விழுக்காடு சிலிக்கான்; இவ்விரண்டின் சேர்க்கையான சிலிக்கேட்டுகளே எங்கும் மிகுந்திருப்பதில் வியப்பில்லை. குவார்ட்சு, பெல்ஸ்பார், மைக்கா ஆகிய மூன்றையும் இனங்காணப் பழகியவர் தம் ஊர்ப் பாறைகளுள் பலவற்றை ஓரளவு படித்துவிடலாம்.

கல்லறையில் கிடைத்த பெயர்

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் குழுமத்தின் அலுவலர் ஜாப் சார்னாக் 1693ஆம் ஆண்டு வங்காளத்தில் இறந்தார். கொல்கத்தாவின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ள அவருடைய கல்லறையில் கருநிறக் கல் ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. இரு நூற்றாண்டுகளுக்குப் பின், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹென்றி ஹாலண்டு அக்கல்லை ஆராய்ந்தார். சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையும் அதுவும் ஒன்றே என உணர்ந்தார். 1893இல் வெளியான தம் கட்டுரையில் அப்பாறைக்குச் ‘சார்னோகைட்’ எனப் பெயர் சூட்டினார். கல் பிறந்தது பல்லாவரத்தில். பெயர் வந்ததோ கொல்கத்தாக் கல்லறையிலிருந்து! இன்று அண்டார்க்டிகாவிலோ ஆப்பிரிக்காவிலோ இவ்வகைப் பாறை கிடைத்தாலும் அதற்கு இதே பெயர்தான்.

தெரிந்து தெளிவோம்

சார்னாக்கைக் கொல்கத்தா நகரின் நிறுவனர் என்று நெடுங்காலம் எழுதிவந்தனர். கல்கத்தா உயர் நீதிமன்றம் 2003இல் அக்கருத்தை ஏற்க மறுத்தது.

கனிமம் கூறும் சான்று

சார்னோகைட் வேதியியல் இயைபில் பெரும்பாலும் கிரானைட்டை ஒத்தது. கிரானைட்டில் வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ தோன்றும் பெல்ஸ்பார், இதில் பசுமை கலந்த சாம்பல் நிறத்துடன் எண்ணெய் பூசியதுபோல் மினுக்குகிறது. முதன்மையான வேறுபாடு ஹைபர்சுதீன் என்னும் கனிமத்தில் உள்ளது. கிரானைட்டில் காணப்படும் கருநிற மைக்கா தன் படிக அமைப்பில் நீரின் கூறுகளைக் கொண்டது. இரும்பும் மக்னீசியமும் சேர்ந்த ஹைபர்சுதீனில் அக்கூறுகள் இல்லை. 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீர் அரிதான சூழலில் அது உருவாகிறது. எனவே, இதுபோன்ற கனிமங்களைக் கொண்டு, இன்று வெயில் காயும் பல்லாவரப் பாறை ஒரு காலத்தில் பல கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது என அறிஞர் கூற முடிகிறது. சென்னைப் பகுதிச் சார்னோகைட்டின் அகவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அதன் மேலிருந்த பாறைகள் அனைத்தும் நிலம் உயர்ந்தெழ எழ மழையாலும் காற்றாலும் தேய்ந்து போயின.

பாறைகளைத் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என மூவகையாகப் பகுப்பது வழக்கம். உருகிய குழம்பு இறுகித் தோன்றுவது தீப்பாறை. சிதைந்த துகள்கள் படிந்து இறுகுவது படிவுப்பாறை. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தன் இயல்பு மாறுவது உருமாறிய பாறை. இப்பகுப்பு எளிது, ஆனால் இயற்கை அதற்கு எப்போதும் கட்டுப்படுவதில்லை. சார்னோகைட்டை ஹாலண்டு தீப்பாறை என்றே கருதினார். பின்வந்தோர் பலர் அதனை உருமாறிய பாறை என்றனர். கர்நாடகத்தின் கப்பல்துர்காவில், சாம்பல்நிற நைசுப் பாறை ஆங்காங்கே கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்னோகைட்டாக மாறியிருப்பதை ஒரே பாறைமுகத்தில் காணலாம். குழம்பிலிருந்து நேரே இறுகிய சார்னோகைட்டும் வேறிடங்களில் உண்டு. ஒரே பெயருக்கு இருவகைப் பிறப்பு என்று கொள்வதே பொருத்தம்.

கல் தேர்ந்த கைகள்

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் நிலவியலாளர் இராபர்ட் புரூசு ஃபூட், பல்லாவரத்தின் சரளைக்குழி ஒன்றில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வித்திட்ட கண்டுபிடிப்பு அது. அக்கோடரி பல்லாவரக் குன்றின் கல்லால் ஆனதன்று. மணற்கல் உருமாறித் தோன்றும் குவார்ட்சைட்டால் ஆனது. சார்னோகைட்டை அடித்தால் பருமணிகளாக உதிரும். குவார்ட்சைட்டோ கூரிய விளிம்புடன் சில்லாகப் பெயரும். கனிமங்களின் பெயர் அறியாத காலத்திலேயே மனிதர் அவற்றின் குணத்தை அறிந்திருந்தனர். கொற்றலையாற்றுப் படுகையின் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த இத்தகைய கருவிகள் 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011இல் வெளியான ஆய்வு நிறுவியது.

அதே பல்லாவரத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலக் குடைவரையும் உள்ளது. குடைவதற்கு மிகக் கடினமான இக்கல், குடைந்தபின் 1300 ஆண்டுகளுக்கும் மேலாக உருக்குலையாமல் நிற்கிறது.

மணலும் களியும்

எவ்வளவு உறுதியான பாறையும் முடிவில் மண்ணாகும். பெல்ஸ்பார் நீரோடு வினைபுரிந்து களிமண்ணாகிறது. ஹைபர்சுதீனின் இரும்பு துருவாகி மண்ணைச் சிவப்பாக்குகிறது. எளிதில் சிதையாத குவார்ட்சு ஆற்றுமணலாக எஞ்சுகிறது. சிறிதளவே இருக்கும் இல்மனைட், சிர்க்கான், மோனசைட் முதலிய கனமான கனிமங்களை ஆறுகள் கடலுக்குச் சேர்க்க, அலைகள் இலேசான மணலை அரித்துச்சென்று அவற்றைக் கரையில் ஒதுக்குகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கருமணல் இவ்வாறு குவிந்ததே. இல்மனைட்டிலிருந்து டைட்டானியமும் மோனசைட்டிலிருந்து தோரியமும் அருமண் தனிமங்களும் கிடைக்கின்றன. முறத்தில் புடைக்கும்போது நிகழ்வதைத்தான் அலை ஊழிக்கணக்காகச் செய்துவருகிறது.

குழியில் தேங்கிய நீர்

தமிழ்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ 73 விழுக்காடு கடினப்பாறைப் பகுதி. இப்பாறையின் படிகங்களுக்கிடையே நீர் தங்க இடமில்லை. மேலே சிதைந்து தளர்ந்த பகுதியிலும் விரிசல்களிலும் மட்டுமே நிலத்தடி நீர் நிற்கும். கிணறு வற்றாதிருக்க அருகில் ஏரி வேண்டியிருந்ததன் காரணம் இதுவே. கல்குவாரியில் முதலில் அகற்றப்படுவதும் அத்தளர்ந்த மேற்பகுதிதான். அதன்பின் வெடிவைத்து ஆழமாகத் தோண்டும்போது, சுற்றுப்புறக் கிணறுகளை நோக்கிச் செல்லும் விரிசல்நீர் குழிக்குள் வடிகிறது.

சென்னையின் கட்டடங்களும் சாலைகளும் எழ, புறநகர்க் குன்றுகள் பல சல்லியாயின. கைவிடப்பட்ட குழிகளில் மழைநீர் தேங்கியது. 2017ஆம் ஆண்டு ஏரிகள் வறண்டபோது, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் கல்குவாரிகளின் நீர் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்குக் குடிநீராக வழங்கப்பட்டது. குன்று இருந்த இடம் குளமாகி நகரின் தாகம் தீர்த்தது உண்மை. அக்குழிகளை மீண்டும் பழைய குன்றாக்க இயலாது என்பதும் உண்மை.

ஆற்றுமணல் அரிதானபின், கருங்கல்லை அரைத்து உண்டாக்கும் ‘எம் சாண்ட்’ கட்டுமானத்திற்குப் பெருமளவில் பயன்படுகிறது. ஆற்றுப்படுகையின் சுமை இதனால் குறைகிறது. குன்றின் சுமை கூடுகிறது. பாறை சிதைந்து, உருண்டு, தேய்ந்து மணலாக இயற்கைக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன. அரைவை ஆலைக்குச் சில நிமிடங்கள் போதும். பரங்கிமலையின் சார்னோகைட்டை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. தொடர்வண்டியில் தாம்பரம் நோக்கிச் செல்வோர் அக்குன்றை இன்றும் காணலாம்.