மருமகனுக்கு மாமா எழுதுவது

அன்புள்ள மருமகனுக்கு,

மூன்றாவது பிள்ளையும் சுகமாகப் பிறந்ததாம், சந்தோஷம். இனிப் போதும், கருத்தடை ஆபரேஷனை நானே செய்துகொள்கிறேன் என்றாயாம். உன் அம்மா போனில் அழுதாள். எனக்கோ பெருமையாக இருந்தது. நம் லயங்களில் எப்போதும் பொம்பிளைதான் வயிற்றைக் கொடுக்கிறாள். தையல் ஆறுமுன்னே கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டுகிறாள்.

1980களில் இந்த ஆபரேஷனுக்கு அரசாங்கம் 500 ரூபா கொடுத்தது. 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தவர்கள் இப்போது ஆளையே குறைக்கப் பார்க்கிறார்கள் என்று அப்போது லயத்தில் பேச்சு. எனக்குக் காசில்தான் கண்; நானும் போனேன். விறைப்பு ஊசி போட்டு, கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். கையெழுத்து வாங்கியவர்கள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை: குழாயை வெட்டினாலும், அதற்கு அப்பால் ஏற்கெனவே தேங்கிய விந்தணு தீர மூன்று மாதமாகும். அதற்குள் உன் அத்தை முழுகாமல் இருந்தாள். பீலிக்கரையில் என்னென்ன கதைத்தார்களோ, அவள் வாய்திறந்து சொன்னதில்லை. நானும் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை. உன் சின்ன மச்சானைப் பார், என்னை உரித்து வைத்திருக்கிறான்.

ஆகவே மூன்று மாதம் கொண்டம் பாவி. பிறகு விந்தைச் சோதனைக்குக் கொடு. அணு இல்லையென்று டாக்டர் சொன்னால்தான் நம்பு. அதன்பிறகும் ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்குக் கரு தங்குவதுண்டு. அப்படி நடந்தால் வீட்டுக்காரியைச் சந்தேகிக்காதே.

பெரட்டில் சிரிப்பார்கள், ஆண்மை போச்சென்று. விதையில் கை வைப்பதில்லை; மீசையும் ஆசையும் அப்படியே இருக்கும். வெளிவரும் நீரும் குறைந்ததாகத் தெரியாது.

இரண்டு நாள் படு. ஒரு வாரம் உரமூட்டை தூக்காதே, கவ்வாத்துக்குப் போகாதே. கொஞ்சம் வீக்கம், கன்றல் சகஜம். காய்ச்சலோ சீழோ வந்தால், வீக்கம் பெருத்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடு. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வலி நிலைத்துவிடுவதும் உண்டு, மறைக்க மாட்டேன்.

வெட்டியதைத் திரும்பச் சேர்க்கலாம் என்பார்கள். சேர்த்தாலும் பிள்ளை நிச்சயமில்லை. அதனால் அவசரப்படாதே; கைப்பிள்ளை கொஞ்சம் வளரட்டும், அதுவரை வேறு வழியை மிட்வைஃபிடம் கேள். வீட்டுக்காரியோடு உட்கார்ந்து பேசி முடிவெடு. படிவம் சிங்களத்தில் இருந்தால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்; விளங்காமல் கையெழுத்து வைக்காதே.

போகும் நாளைச் சொல். ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
மாமா