பூட்டிக் கிடந்த வீட்டை ஒழிக்கும் முன்

விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனபோது பல குடும்பங்கள் திகனப் பக்கம் மேலேறி வந்தன. அணை 1985இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் கட்டிய வீடுகள் இப்போது பிள்ளைகளின் கைக்கு வருகின்றன. கொழும்பிலிருந்தும் கட்டாரிலிருந்தும் லீவில் வருகிறவர்கள் முதல் வேலையாக லொறி பேசுகிறார்கள். லொறி கடைசியில் வரட்டும். அதற்கு முன் செய்ய வேண்டியவை இவை.

1. திகன இருக்கும் தும்பறைப் பள்ளத்தாக்குக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபருக்குப் பிறகுதான். அந்த மாதங்களில் வெளியே எடுத்து வைத்த மெத்தையும் புத்தகமும் காயவே காயாது. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

2. கதவைத் திறந்ததும் உள்ளே போகாதீர்கள். எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள். சாக்குக் குவியலையும் விறகையும் நீளத் தடியால் தட்டிய பிறகே கை வையுங்கள். சப்பாத்து கட்டாயம். பாம்பு கடித்தால் வெட்டுவதோ கட்டுவதோ வேண்டாம், ஆளை நடக்கவும் விடாதீர்கள். 1990ஐ அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். எலிப் புழுக்கை கிடக்கும் தரையைக் காய்ந்தபடி கூட்டக்கூடாது. பிளீச்சிங் கரைத்த தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள். காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் உள்ளே போக வழி உண்டு.

3. ஒரு கதிரையையும் நகர்த்துமுன் ஒவ்வோர் அறையையும் அலுமாரிக்குள்ளும் படம் எடுத்து எல்லா வாரிசுகளுக்கும் அனுப்பிவிடுங்கள். வீட்டுச் சாமானும் சொத்துத்தான். "உம்மாவின் தையல் மெஷின் எங்கே?" என்று பத்து வருடம் கழித்து எழும் கேள்விக்கு அந்தப் படம் பதில் சொல்லும்.

4. காகிதம். இந்த வேலை முழுவதிலும் நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்: படிக்காமல் ஒரு துண்டையும் எரிக்க விடாதீர்கள். பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை நடுவீட்டில் வைத்து, கிடைக்கும் காகிதம் அத்தனையும் அதற்குள் போடச் சொல்லுங்கள். அலுமாரித் தட்டில் விரித்த பத்திரிகைக்கு அடியில், மெத்தைக்குக் கீழே, பிஸ்கட் பேணிக்குள், சாமிப் படத்தின் பின்பக்கம் எல்லாம் பாருங்கள்.

முதலில் தேட வேண்டியது காணி உறுதியும் நில அளவைப் பிளானும். உறுதி தொலைந்திருந்தாலும், பதிவு செய்ததென்றால் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அதற்கு உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் வேலை எளிது. 2018 மார்ச்சில் திகனயில் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டதைப் பார்த்த ஊர் இது. ஆகவே கிடைத்த உறுதியை அன்றே ஸ்கான் செய்து வேறொரு வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். கையில் இருப்பது அரசாங்கம் கொடுத்த அனுமதிப் பத்திரமோ அளிப்புப் பத்திரமோ என்றால், உறுதிக் காணியைப் போல் அதை உங்களுக்குள் பங்கு பிரித்துவிட முடியாது. பின்னுரிமை யார் பெயரில் பதிந்திருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் கேட்ட பிறகே அடுத்த பேச்சு.

தோட்டங்களிலிருந்து வந்த குடும்பமென்றால் இன்னும் கவனம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்குமாகப் பங்கிட்டது. கடைசியில் 2003இன் சட்டத்தோடுதான் அந்தக் கதை ஒரு முடிவுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தின் விண்ணப்பம், பதிவுச் சான்றிதழ், பழைய இந்தியப் பாஸ்போர்ட், தோட்டத்துச் செக்ரோல் துண்டு எதுவும் குப்பையல்ல. பேரப்பிள்ளைக்கு ஒரு நாள் பிறப்புப் பதிவைத் திருத்த வேண்டி வந்தால் அவை கைகொடுக்கும். அதைவிட, தாத்தா எந்த ஊரைத் தன் ஊர் என்று எழுதினார் என்பதை வேறு எங்கே போய்ப் படிப்பது?

5. அடகுத் துண்டுகளைத் தனியாக எடுங்கள். தவணை கடந்தால் நகை ஏலத்துக்குப் போகும், அதனால் இதற்கு மட்டும் அவசரம் உண்டு. பழைய வங்கிப் புத்தகங்களை வங்கிக்குக் கொண்டுபோய் விசாரியுங்கள். ஊழியர் சேமலாப நிதி அட்டை கிடைத்தால் தொழில் திணைக்களத்தில் கேளுங்கள், இறந்தவரின் பணத்தை வாரிசுகள் கோரலாம்.

6. கிழிந்த குர்ஆன் பிரதிகளைப் பள்ளிவாசலில் கொடுங்கள். சாமிப் படங்களைக் கோயிலில் கேட்டுச் செய்யுங்கள். பக்கத்து வீட்டார் எந்த மதமென்றாலும் அவர்கள் பார்க்கும்படி எதையும் குப்பையில் போடாதீர்கள்.

7. சுவரில் சிவப்பும் கறுப்புமாய்ப் பூவும் பறவையும் நெய்த நார்ப்பாய் தொங்குகிறதா? அது தும்பறைப் பாயாக இருக்கலாம். அந்தக் கைவேலை 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. தண்ணீரில் நனைக்காமல் மென்மையான தூரிகையால் தூசு தட்டி நிழலில் வையுங்கள். பெயின்ட் அடித்த பழைய மேசைகளை அடிப்பக்கம் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே முதிரையோ கருங்காலியோ இருந்தால், இரும்புக்காரர் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

8. முற்றம், கூரை, பீலி. டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரத்தின் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே பீப்பாயைக் கவிழ்த்து வைத்தால் போதாது, உட்சுவரைத் தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். ப்ரிட்ஜின் பின்தட்டு, அலுமாரிக் கால்களுக்கு வைத்த எறும்புக் கிண்ணம், பழைய டயர் ஆகியவற்றை மறக்க வேண்டாம். ஆளில்லாத வளவு என்றாலும், 2007இன் நுளம்புத் தடுப்புச் சட்டப்படி பொறுப்பு உரிமையாளருக்கே.

9. போத்தல், பேப்பர், இரும்பு ஆகியவற்றைப் பிரித்து வைத்தால் வாங்க ஆள் வருவார். பிளாஸ்டிக்கைக் கொல்லையில் எரிக்காதீர்கள். உடைந்த அஸ்பெஸ்டஸ் சீட்டை நனைத்து, துண்டாக்காமல் தூக்குங்கள், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கெடுதி. மிஞ்சியதை எங்கே கொட்டுவது என்று பிரதேச சபையில் கேட்டுவிட்டு லொறிக்குச் சொல்லுங்கள்.

10. வளவைத் துப்புரவாக்கும் வேகத்தில் பலாவையோ ஈரப்பலாவையோ வெட்டிவிடாதீர்கள். 1951ஆம் ஆண்டிலிருந்தே அதற்கு அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் காய்க்கிற பலாவை வெட்ட என் மனம் ஒப்பாது.

11. அலுமாரிகளை நகர்த்திய பின் வெறுஞ்சுவரைப் பாருங்கள். 2020 ஓகஸ்ட் 29 இரவு தொடங்கித் திகனப் பகுதியில் சில மாதங்கள் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. பழைய வெடிப்பா புதியதா என்று தெரியாமல் பூசி மறைத்தால் பிறகு எதுவும் தெரியாது. வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி, ஒரு மழைக்காலம் கழித்துப் பாருங்கள். நீண்டிருந்தால், அல்லது சரிவான காணியில் நிலமே பிளந்திருந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். அதுவரை அந்த அறையில் யாரையும் படுக்கவிட வேண்டாம்.

12. பல்லேகல தொழிற்பேட்டைக்குப் போகும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுவதாக இருந்தால், ஆள் வருமுன் தண்ணீர் டாங்கியைத் தேய்த்துக் கழுவுங்கள். கிணறென்றால் இறைத்துவிட்டு, எவ்வளவு குளோரின் போடுவதென்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். வயரிங்கை மின்வேலை தெரிந்தவர் பார்க்கட்டும், எலி கடித்த வயர் கூரைக்குள்தான் இருக்கும். மின்மானி, நீர்மானி அளவுகளைப் படம் எடுத்து வையுங்கள். இறந்தவர் பெயரிலுள்ள மின்சார, தண்ணீர்க் கணக்குகளையும் பிரதேச சபை வரிப் பதிவையும் மாற்ற மரணச் சான்றிதழின் பிரதிகள் பல தேவைப்படும், ஒரே தடவையில் கூடுதலாக எடுத்துவிடுங்கள்.