கீறல் சிறிது, நட்டம் பெரிது

மிக்சர் பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் வாடிக்கையாளர் பல்லால் கடிப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். ஓரத்தில் சிறு கீறல் விழுந்ததும் அதே பாக்கெட் சர்ரென்று கிழிந்து பாதி மிக்சர் தரையில் கொட்டுகிறது. தாளும் அதேதான், கையும் அதேதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? கடையில் சரக்கு சேதமாவதற்கும் இதுவே காரணமாவதால் வணிகர்களாகிய நாம் இதை அறிவது நல்லது.

முழுத் தாளை இழுத்தால் விசை எங்கும் பரவி நிற்கும். கீறல் இருந்தால் அதன் நுனியில் வந்து குவியும். வட்டத் துளையின் விளிம்பில் இழுவிசை சுமார் 3 மடங்காகும் என்றும், துளை நீண்டு கூர்மையானால் இன்னும் பல மடங்காகும் என்றும் 1913-இல் இங்கிலிஸ் என்ற பொறியாளர் கணக்கிட்டார். 1921-இல் கிரிஃபித் இதை வரவு செலவுக் கணக்காகவே விளக்கினார். இழுபட்ட பொருளிலிருந்து விடுபடும் ஆற்றல் வரவு. புதிதாகக் கிழிக்கத் தேவைப்படும் ஆற்றல் செலவு. வரவு மிஞ்சினால் கீறல் ஓடும், குறைந்தால் நின்றுவிடும்.

சாதாரண பாலித்தீன் தாள் கீறல் நுனியில் நீண்டு கொடுப்பதால் நுனி மழுங்கிவிடும். பளபளப்பான பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் தாள்கள் தயாரிப்பிலேயே இழுத்து முறுக்கேற்றப்பட்டவை. அவற்றில் கீறல் தொடங்குவது கடினம், தொடங்கினால் நிற்காது. ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் சிறு வெட்டு வைப்பது இதனால்தான்.

பெட்டியில் ஒட்டிய டேப்பை உரிக்கும்போது அது குறுகிக் குறுகி முக்கோணமாகி அறுந்துபோவதும் இதே கணக்குதான். மடங்கிய டேப் சுருள்வில் போல ஆற்றலைத் தேக்கி வைக்கிறது. அகலம் குறைந்தால் அந்தச் சுமை குறையும் என்பதால் இரு பக்கக் கிழிசல்களும் உள்நோக்கித் திரும்புகின்றன. சிலி, பிரான்சு, அமெரிக்க ஆய்வாளர்கள் 2008-இல் இதை விளக்கினர். ஒட்டு கெட்டியானால் டேப் சீக்கிரம் குறுகும். எளிதில் கிழியாத தாளானால் முக்கோணம் நீளும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. அலமாரியில் துருத்தும் ஆணி, கம்பி முனைகளை அடித்து மடக்குவோம்.

2. பாக்கெட்டுகளை ஸ்டேப்ளர் பின் குத்தித் தொங்கவிட வேண்டாம். தொங்கவிட்டே ஆகவேண்டுமானால், சரக்கு இருக்கும் பகுதியைத் தொடாமல், ஒட்டிய மேல்விளிம்பில் பஞ்சிங் மிஷினால் வட்டத் துளை இடுவோம்.

3. சரத்திலிருந்து பாக்கெட்டைப் பிய்க்காமல், புள்ளிக்கோட்டில் கத்தரியால் வெட்டுவோம்.

4. பெட்டியைத் திறக்கும்போது பிளேடு டேப்பை மட்டும் அறுக்கட்டும். உள்ளே இறங்க வேண்டாம். டேப் குறுகி அறுந்தால் அந்த முனையையே சுரண்டாமல், முழு அகலத்தையும் நகத்தால் கிளப்பி உரிப்போம்.

5. கீறல் விளிம்போடு நின்றிருந்தால் அதன் நுனியைத் தாண்டி டேப் ஒட்டலாம். உள்வரை ஓட்டை விழுந்த உணவுப் பாக்கெட்டை ஒட்டி விற்காமல் தனியே எடுத்துவைப்போம்.

பாக்கெட்டின் பலம் அதன் விளிம்பில் இருக்கிறது. சரக்கு வந்து இறங்கும்போதே விளிம்பைப் பார்த்து அடுக்கினால் கழிவுக் கணக்கு தானே குறையும்.