தோப்புக் கிணற்றுப் படி முதல் மிதவை மேடை வரை: நீரோர வேலைக்குச் சில குறிப்புகள்

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று முல்லைப் பெரியாற்றை ஒட்டித் தோப்பும் வயலும் வைத்திருப்பவர்களுக்குக் கிணற்றுப் படி, குட்டைத் துறை, மோட்டார் மேடை என்று ஏதாவது ஒரு நீரோர வேலை இருந்துகொண்டே இருக்கும். இவை பெரும்பாலும் அடியிலும் முதுகிலும்தான் கெடுகின்றன. மேலே சிமென்ட் பூசி அழகு பார்ப்பது வீண் செலவு.

1. முதலில் எல்லைக் கல்லைப் பாருங்கள். ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும் பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு. நம் தோப்பு அதுவரை நீண்டிருந்தாலும் அங்கே சொந்தப் படித்துறை கட்டக்கூடாது. பட்டாவுக்குள் இருக்கும் கிணறும் பண்ணைக்குட்டையும்தான் நம் பொறுப்பு. ஆற்றில் இறங்கப் படி தேவையென்றால் ஊராட்சி வழியாக நீர்வளத்துறைக்கு மனுக் கொடுங்கள். பொதுப் படித்துறையாக அமைந்தால் திருவிழாவுக்கும் காரியத்துக்கும் ஊரே பயன்படுத்தும்.

2. வேலையைச் சித்திரையில் தொடங்கிவிடுங்கள். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முதல் போகத் தண்ணீரை வழக்கமாக ஜூன் முதல் தேதியை ஒட்டித் திறப்பார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் பக்கத்துக் கிணறுகளிலும் ஊற்று ஏறிவிடும். கலவை இறுகும் நாட்களையும் சேர்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

3. கடைசிப் படிக்கு அடியில் கடப்பாரையை நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் முழங்கை நீளம் போனால் அடிமண் அரித்துப்போய்ப் படி அந்தரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். மேற்பூச்சு உடைவதும் விரிசல் விடுவதும் அதற்குப் பிறகு வருபவைதான். மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரை மறித்து, இறைத்து வற்றவைத்து, கெட்டித் தரை வரை தோண்டிப் பெரிய கல் அடுக்கிக் கான்கிரீட் போடுங்கள். படிக்கு முன்னால் மூன்று அடிக்கு உருட்டுக்கல் பரப்பினால் மீண்டும் அரிக்காது. ஓடுகிற தண்ணீரில் கலவையைக் கொட்டச் சொல்லும் கொத்தனாரை வேலைக்கு வைக்காதீர்கள். சிமென்ட் கரைந்தோடி, ஜல்லி மட்டும்தான் மிஞ்சும்.

4. கரைச்சுவர் தண்ணீர்ப் பக்கம் சாய்கிறதா? நீர்மட்டம் சட்டென்று இறங்கும்போது, ஊறிய மண் பின்னாலிருந்து தள்ளுவதுதான் காரணம். ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று அங்குல பிவிசி குழாயைத் தண்ணீர்ப் பக்கம் சற்றே சரிவாகப் பதித்து, அதன் பின்புறம் ஜல்லி நிரப்புங்கள். மண்ணிலுள்ள நீர் வடிந்துவிடும்.

5. பழைய சுண்ணாம்புச் சாந்துப் படிக்குச் சிமென்ட் ஒத்துவராது. இறுகிய சிமென்ட் பழைய கல்லையே பெயர்த்துக்கொண்டு வரும். நீற்றிய சுண்ணாம்பு, செங்கல் தூள், மணல் மூன்றையும் சம பங்காகக் கலந்து பூசுங்கள். 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையும் சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்ந்த சுர்க்கிக் கலவையில் எழுந்ததுதான். காயப் பொறுமை வேண்டும், அவ்வளவே.

6. புதுக் கான்கிரீட் படிக்கு ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. கடைகளில் இப்போது அதிகம் கிடைப்பது பிபிசி (பொசோலானா) சிமென்ட்; அது மெல்ல இறுகும் என்பதால், ஈரச் சாக்குப் போட்டுப் பத்து நாளாவது நனைத்து வையுங்கள். மேற்பரப்பை வழவழவென்று தேய்க்க விடாதீர்கள். ஈரம் காய்வதற்குள் துடைப்பத்தால் குறுக்கே கீறிவிட்டால் கால் வழுக்காது.

7. மேடைக்கு மரக்கால் நட்டால், எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கும் பகுதியைவிட, நனைந்து காய்ந்து நனையும் அந்த ஒரு சாண் பகுதிதான் முதலில் உளுக்கும். ஆண்டுக்கொரு முறை அந்த இடத்தை ஆணியால் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனங்கட்டை நல்லதுதான். ஆனால் அதற்காகப் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். பழைய வீடு பிரிக்கும் இடத்தில் கேட்டு வாங்குவதே முறை.

8. பண்ணைக்குட்டையில் நீர்மட்டம் ஏறி இறங்கும் என்பதால், மீனுக்குத் தீவனம் போடவும் பரிசல் கட்டவும் மிதவை மேடையே ஏற்றது. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றுக்கு, மேடையின் எடையையும் சேர்த்து 100 கிலோவுக்கு மேல் கணக்கிடாதீர்கள். நான்கு மூலையிலும் டிரம் இருக்கட்டும். எல்லோரும் ஒரே பக்கம் நிற்க வேண்டாம். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்கவில்லை.

9. படிப் பாசியைத் தேய்த்தெடுக்கத் தேங்காய் மட்டையும் பெருமணலும் போதும். மீன் உள்ள குட்டையில் பிளீச்சிங் பவுடர் வேண்டாம்.

10. பாழடைந்த கிணற்றில் யாரையும் திடுமென இறக்காதீர்கள். உள்ளே காற்று கெட்டிருக்கலாம். கிணற்றுக்குள் டீசல் இன்ஜினை இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகையில் மணமே தெரியாத நச்சு உண்டு, நிமிடங்களில் ஆளை மயக்கிவிடும். மேலே இரண்டு பேர், இடுப்பில் கயிறு, மோட்டார் மெயின் சுவிட்ச் அணைப்பு, இந்த மூன்றும் இல்லாமல் வேலை தொடங்க வேண்டாம். கீழே ஒருவர் மயங்கினால் பின்னாலேயே குதிக்காமல் 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள்.