ஆய்வேடு யாருடைய உடைமை?

மூன்றாண்டுகள் ஊர் ஊராக அலைந்து, கல்வெட்டுகளைப் படியெடுத்து, இரவு பகலாக எழுதிச் சமர்ப்பிக்கும் ஆய்வேடு யாருக்கு உரியது? பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்திற்கு என்பார் சிலர். தலைப்புத் தந்த வழிகாட்டிக்கு என்பார் வேறு சிலர். நம் நாட்டுச் சட்டம் இவ்விரண்டையும் ஏற்கவில்லை.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, எழுதியவரே முதல் உரிமையாளர் என்கிறது. பணியின் பகுதியாக எழுதப்படுவது, வேறு உடன்பாடு இல்லையெனில், பணி தந்தவரைச் சேரும். மாணவனோ பணியாளன் அல்லன். 1916-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வினாத்தாள்கள் பற்றி எழுந்த வழக்கில், அவற்றை அமைத்த தேர்வாளர்கள் பல்கலைக்கழக ஊழியர் அல்லர்; ஆதலின் பதிப்புரிமை முதலில் அவர்களுக்கே உரியது என்று தீர்ப்பாயிற்று. ஊதியம் பெற்று வினா எழுதியவர்க்கே இந்நிலையெனில், கட்டணம் செலுத்தி விடை எழுதுவோரைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமோ!

ஆயின் உரிமையை எழுதிக் கொடுத்துவிட இயலும். இங்கேதான் மாணவர் விழிப்போடு இருத்தல் வேண்டும். சேர்க்கையின்போது நீட்டப்படும் தாள்களை நம்மில் எத்தனை பேர் படித்துக் கையொப்பமிடுகிறோம்? 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் அமைதல் வேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் அது ஐந்தாண்டுகளுக்கே செல்லும். எல்லை குறிக்கப்படாவிடில் இந்தியாவுக்குள் மட்டுமே. முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியை இன்ஃபிளிப்நெட் மையத்திற்கு அனுப்புமாறு பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016, 2022-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அது பிறர் படிக்க வைப்பதற்கே. உடைமையை மாற்றுவதற்கு அன்று.

மறுபக்கமும் உண்டு. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளியிட்ட வடிவத்திற்கே உண்டு என்று 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. எனவே தலைப்புத் தந்தமையால் மட்டும் வழிகாட்டி ஆசிரியராகார். அதேபோல, மாணவன் வாய்மொழியாகச் சொன்ன கருத்தை மற்றொருவர் தம் சொற்களில் எழுதினால் இச்சட்டம் அவனுக்குத் துணைவராது. இது கசப்பான செய்திதான். எழுதி, நாளிட்டு வைப்பதொன்றே வழி.

அறிவியல் மாணவர்க்கு ஒரு சொல்: கண்டுபிடிப்புக்கு 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் தனியே உண்டு. விண்ணப்பிக்குமுன் அதனை வெளியிட்டால், புதுமை போயிற்று என்று மறுக்கப்படலாம்.

உரிமையை முழுதும் விற்றாலும், இது என் படைப்பு என்று சொல்லும் உரிமையை 57-ஆம் பிரிவு எழுதியவரிடமே விட்டுவைக்கிறது. இம்மலரில் கவிதை எழுதியோர் தந்திருப்பதும் அச்சிடுவதற்கான இசைவையே. வேறு எதுவும் எழுதிக் கொடுக்காதவரை, நாளை அக்கவிதையைத் தம் தொகுப்பில் சேர்க்க அவர்கள் கல்லூரியின் அனுமதியை நாடவேண்டியதில்லை.